வாக்குவாவில் ஒரு கொட்டேஷன்

தூணுக்கு நான்கு கம்பி. ஒன்பது தூண்.
முப்பத்தாறு கம்பிகளும் வாத்தியார் வீட்டு மாடியில்
பதினொரு வருஷமாக நின்றபடி இருக்கின்றன,
துருப்பிடிக்காமல் இருக்கத் தலைக்கு ஒரு
பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு.

"மகளுக்கு மேலே ஒரு வீடு.
கம்பெனி வேண்டாம் குமரேன், நீயே எடு.
உன் பேரிலேயே எடு" என்றார் வைத்திலிங்கம் வாத்தியார்.

சரி என்று சொல்லவில்லை.
இல்லை என்றும் சொல்லவில்லை.
டேப்பை இழுத்தேன்.
அளந்துகொண்டிருப்பவனிடம்
யாரும் பதில் கேட்பதில்லை.

பத்தொன்பது வருஷம்.
காலை ஆறரைக்குக் கம்பெனி லாரி
என் வாசலில் ஹாரன் அடிக்கும்.
மாதக் கடைசியில் சம்பளம், டிசம்பரில் போனஸ்,
மழை பெய்தாலும் சம்பளம்.
வாக்குவாவில் அது சின்ன வாக்குறுதி இல்லை.

முதலாளி கெட்டவராக இருந்திருந்தால்
இந்நேரம் முடிவெடுத்திருப்பேன்.
பலகை ஆணி பூட்ஸைத் துளைத்த அன்று
ரத்தம் சொட்டச் சொட்ட
புதுக் காரில் ஏற்றிப் போனவர் அவர்.
சீட் கறையைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை.
பேசியிருக்கலாம்.

ஜான்-நொயேல் கூப்பிட்டால் வருவான்,
கம்பி கட்டும்போது அவன் விரல்களுக்குக் கண் உண்டு.
ரஃபீக்கால் முடியாது. டாக்காவிலிருந்து வந்த அவன் பர்மிட்டில்
கம்பெனியின் பெயர் இருக்கிறது,
அவன் பெயரைவிடப் பெரிய எழுத்தில்.
சரி, ஜான்-நொயேலை மட்டும் கூப்பிட்டால்
அது திருட்டா?
மிக்சரைத் தள்ளிக்கொண்டு போவதற்கும்
ஆளை அழைத்துக்கொண்டு போவதற்கும்
என்ன வித்தியாசம் என்று
அவனிடமே கேட்டேன்.
"மிக்சர் லீவு கேட்காது" என்றான்.

வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள்.
அடுத்தவன் வீட்டை உன் காசில் கட்டிப் பார் என்று
சேர்த்துச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று.
சினியேன் அப்படித்தான் கட்டினான்,
ரோஸ்-பெல்லில் மூன்று வீடு.
மூன்றிலும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள்,
அவன் மட்டும் வாடகைக்கு.
கடைசித் தவணை என்று வந்தால்
எல்லோருக்கும் ஞாபக மறதி.
இப்போது அந்தத் தெரு வரும்போது
பஸ்ஸில் மறுபக்கத்து ஜன்னலுக்கு மாறி உட்காருவான்.

ராத்திரி, சாப்பாட்டு மேஜையில்,
போன வருஷக் காலண்டரைக் கிழித்து
அதன் முதுகில் எழுதினேன்:
சிமெண்டு. பத்து மில்லி, பன்னிரண்டு மில்லிக் கம்பி.
கல்மணல் ஐந்து லாரி. ப்ளாக்.
பலகை வாடகை, பம்ப் வாடகை.
கொத்தனார் இருவர், கையாட்கள் நால்வர்.
தளம் போடும் நாளில் நாற்பது பேருக்குப் பிரியாணி
(அது வாத்தியார் செலவு, இருந்தாலும் எழுதினேன்).
மழைக்கு மூன்று நாள்.
வாக்குவா என்பது ஞாபகம் வந்து
ஏழு என்று திருத்தினேன்.

தேவானி ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள்.
மேலிருந்து கீழே படித்தாள்,
பிறகு கீழிருந்து மேலே.
"எல்லாம் இருக்கு. உங்க கூலி எங்கே?"

நிஜமாகவே தேடினேன்,
எங்காவது எழுதியிருப்பேன் என்று.
தூக்குக்குண்டு பிடித்த ஒவ்வொரு சுவருக்கும்
என் விலையை யாரோ எழுதினார்கள்,
நான் கையெழுத்துப் போட்டேன்.

பிரியாணிக்கும் மழைக்கும் நடுவில்
பென்சிலால் ஒரு வரியை இடுக்கினாள்:
குமரேன், ஒரு கோடு,
அப்புறம் ஒன்றுமில்லை.
தூங்கப் போய்விட்டாள்.

குறைத்து எழுதினால் வாத்தியார் சந்தேகப்படுவார்.
கூட்டி எழுதினால் நான் சந்தேகப்படுவேன்.
மூன்று தரம் எழுதி மூன்று தரம் அழித்ததில்
அந்த இடத்தில் தாள் மெலிந்து
அடுத்த பக்கத்து ஆகஸ்ட் தெரிந்தது.

ஆறரை. ஹாரன்.
பென்சில் முனை உடைந்துவிட்டது, கத்தி தேடினேன்.
மறுபடி ஹாரன்.
சீவிக்கொண்டே ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினேன்,
இருங்கள் என்று.

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக
அந்த லாரி என் வாசலில்
எஞ்சினை நிறுத்தியது.